கண் மஞ்சளானால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

வீட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளாகிவிட்டது என்று தெரிந்தால் போதும், அன்று மாலைக்குள் அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு முகவரி தந்துவிடுவார்கள். "அங்க வெறும் வயித்துல மருந்து குடுக்கிறாங்க, மூணு நாள் குடிச்சா இறங்கிடும்" என்பார் ஒருவர். "உப்பு, எண்ணெய், கறி மீன் எதுவும் தொடக்கூடாது" என்பார் இன்னொருவர். அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

என் பெரியப்பாவுக்கு அந்தக் கேள்வியைப் பத்து வாரம் கழித்துத்தான் கேட்டோம். அவர் கதையை, இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையம் என்ற உறுப்பு வரும் இடத்தில் சொல்கிறேன். இந்தக் கட்டுரையை எழுத அதுதான் காரணம்.

காய்ச்சல் எப்படி ஒரு தனி நோய் இல்லையோ அப்படித்தான் காமாலையும். டைபாய்டிலும் காய்ச்சல் வரும், டெங்குவிலும் வரும், சாதாரணச் சளியிலும் வரும். "காய்ச்சலுக்கு மருந்து" என்று ஒன்றையே எல்லோருக்கும் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. காமாலை என்பது ஒரு நிறம். இரத்தத்தில் ஒரு மஞ்சள் பொருள் அளவுக்கு மீறித் தேங்கியிருக்கிறது என்று அது காட்டுகிறது. தேங்கியதற்கான காரணம் இரத்தத்தில் இருக்கலாம், கல்லீரலில் இருக்கலாம், பித்தக் குழாயிலோ கணையத்திலோ இருக்கலாம்.

கன்றிப்போன முழங்கால்

கட்டில் காலில் முழங்காலை இடித்துக்கொண்டால் அந்த இடம் கன்றிப்போகும். முதல் நாள் கருநீலம். சில நாளில் ஓரங்களில் பச்சை ஓடும். பிறகு மஞ்சளாகி மெல்ல மறையும். காமாலையின் வேதியியல் முழுக்க அந்த ஒரு கன்றலில் இருக்கிறது.

இரத்தச் சிவப்பணுக்களுக்கு நிறம் தருவது ஹீமோகுளோபின். தோலுக்கடியில் கசிந்த இரத்தத்தை உடல் அப்புறப்படுத்தும்போது, ஹீமோகுளோபினின் ஒரு பகுதி முதலில் பச்சைப் பொருளாகவும் பிறகு மஞ்சள் பொருளாகவும் மாறுகிறது. அந்த மஞ்சள் பொருளின் பெயர் பிலிரூபின்.

முழங்காலில் நடப்பது உடல் முழுவதும் தினமும் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். கிழடான அணுக்களை மண்ணீரல் முதலிய உறுப்புகள் உடைக்கின்றன, பிலிரூபின் உண்டாகிறது. நலமாக இருப்பவர்களின் உடலிலும் இந்த மஞ்சள் ஓயாமல் உற்பத்தியாகிறது. அதே வேகத்தில் வெளியேறியும் விடுவதால் கண்ணில் தெரிவதில்லை.

எண்ணெயும் சீயக்காயும்

எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெறும் தண்ணீரை எத்தனை குடம் ஊற்றினாலும் பிசுக்குப் போகாது. சீயக்காய் போட்டால்தான் எண்ணெய் தண்ணீரோடு சேர்ந்து ஓடும். பிலிரூபினும் அப்படித்தான், தண்ணீரில் கரையாது. இரத்தத்தில் அது ஒரு புரதத்தின் முதுகில் ஏறிக் கல்லீரலுக்கு வருகிறது. கல்லீரல் அதோடு சர்க்கரை வகையைச் சேர்ந்த ஓர் அமிலத்தை ஒட்டுகிறது. சீயக்காய் செய்யும் வேலையை இந்த ஒட்டு செய்கிறது, பிலிரூபின் தண்ணீரில் கரையத் தொடங்குகிறது.

கரைந்த பிலிரூபின் பித்தநீரில் கலக்கிறது. பித்தநீர் என்பது கல்லீரல் சுரக்கும் மஞ்சள்பச்சைத் திரவம், உணவுக் கொழுப்பைச் செரிக்க உதவுவது. அது சிறு குழாய்கள் வழியே இறங்கி, பித்தப்பையில் தங்கி, நாம் சாப்பிடும்போது பொதுப் பித்தக்குழாய் வழியாகக் குடலுக்குப் போகிறது. அந்தக் குழாயின் கடைசிப் பகுதி கணையத்தின் தலைப்பகுதியை ஊடுருவிச் செல்கிறது. பெரும்பாலோருக்குக் கணையநீர்க் குழாயும் பித்தக்குழாயும் குடலில் ஒரே வாசலில் திறக்கின்றன. இந்த அமைப்பை நினைவில் வையுங்கள், பின்னால் வரும் பல நோய்களுக்கு இதுதான் விளக்கம்.

இதுவரை பார்த்தது: சிவப்பணு உடைந்து மஞ்சள் உண்டாகிறது, கல்லீரல் அதைக் கரையச் செய்கிறது, குழாய் அதைக் குடலில் சேர்க்கிறது. உற்பத்தி மிகுந்தாலும், கல்லீரல் களைத்தாலும், குழாய் அடைத்தாலும் கண் மஞ்சளாகும்.

கழிவறையில் கிடைக்கும் தடயம்

கோளாறு எங்கே என்பதற்கு ஒரு துப்பு ஒவ்வொரு வீட்டிலும் செலவில்லாமல் கிடைக்கிறது. பேசக் கூச்சப்படுகிறோம், அவ்வளவுதான்.

மலத்துக்கு அந்தப் பழுப்பு நிறம் எப்படி வருகிறது? பித்தநீரோடு குடலுக்கு வரும் பிலிரூபினைக் குடல் பாக்டீரியாக்கள் மாற்றுவதால் வருகிறது. குழாய் அடைபட்டால் பித்தம் குடலுக்கு வராது, மலம் வெளுத்துவிடும். வெள்ளைக் களிமண் போலவோ காய்ந்த சுண்ணாம்புச் சாந்து போலவோ இருக்கும். குடலுக்குப் போக முடியாத பிலிரூபின், ஏற்கெனவே கரையும் பதத்தில் இருப்பதால், இரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீரகம் வழியாக வெளியேறும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும்.

சிவப்பணுக்கள் அதிகமாக உடைவதால் வரும் காமாலையில் நிலைமை வேறு. தேங்கியிருப்பது கரையாத பிலிரூபின் என்பதால் அது சிறுநீரில் இறங்காது. மலமும் வெளுக்காது. கல்லீரல் அழற்சியில், அதாவது கல்லீரல் வீங்கிப் புண்படும் ஹெபடைடிஸில், சிறுநீர் அடர்ந்திருக்கும், மலம் சில நாள் வெளுத்துப் பிறகு நிறம் திரும்பலாம்.

பரிசோதனைக்கூடத் தாளில் "டைரக்ட்", "இன்டைரக்ட்" என்று இரண்டு பிலிரூபின் அளவுகள் அச்சாகியிருக்கும். டைரக்ட் என்பது கல்லீரல் கரையச் செய்தது, இன்டைரக்ட் இன்னும் கரையாதது. மொத்த அளவு பொதுவாக டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமை ஒட்டி இருக்கும். சுமார் 3-ஐ எட்டும்போது கண்ணில் தெரியும். "காமாலை 12 பாயிண்ட் இருக்கு" என்று நாம் சொல்வது இந்த எண்ணைத்தான். எண் பெரிதா சிறிதா என்பதைவிட எந்த வகை கூடியிருக்கிறது என்பது முக்கியம்.

கண்ணைப் பார்ப்பதாக இருந்தால் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கீழ் இமையை இழுத்து, மேலே பார்க்கச் சொல்லி, வெள்ளை விழியைக் கவனியுங்கள். கேரட்டும் பப்பாளியும் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு உள்ளங்கை மஞ்சளாகும், விழி வெள்ளையாகவே இருக்கும். அது காமாலை இல்லை. "காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்" என்பது பழமொழி மட்டுமே. நோயாளிக்குப் பொதுவாக உலகம் நிறம் மாறித் தெரிவதில்லை, அதனால் பலருக்குப் பிறர் சொல்லித்தான் தெரியவருகிறது.

பச்சிளங்குழந்தைகள்

நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளிலேயே பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் வாரத்தில் மஞ்சள் தட்டும். சிவப்பணுக்கள் நிறைய உடைகின்றன, புதுக் கல்லீரலுக்கு ஒட்டும் வேலை இன்னும் கைவரவில்லை. பெரும்பாலும் தானே சரியாகும். அளவு மிஞ்சினால் கரையாத பிலிரூபின் மூளையில் படிந்து நிலையான பாதிப்பைத் தரும், அதனால்தான் நீல விளக்கின் கீழ் வைக்கிறார்கள். அந்த ஒளி தோலில் உள்ள பிலிரூபினின் வடிவத்தை மாற்றி, கல்லீரலின் ஒட்டு இல்லாமலே கரைய வைக்கிறது. 1950-களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில், வெயிலில் வைத்த குழந்தையின் உடலில் வெயில் பட்ட இடம் மட்டும் வெளுத்திருப்பதை ஜீன் வார்டு என்ற செவிலியர் கவனித்ததிலிருந்து பிறந்த சிகிச்சை இது. காலை வெயிலில் காட்டும் நம் பழக்கத்தில் ஓரளவு உண்மை உண்டு, ஆனால் அளவு கூடிய குழந்தைக்கு அது போதாது.

இரண்டு விஷயங்களை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிவது ஒன்று. இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் நீடிப்பதும் மலம் வெளுத்துப் போவதும் மற்றொன்று. பின்னது பிறவிப் பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். குடலைக் கொண்டு வழி அமைக்கும் அறுவை சிகிச்சை (கசாய் என்ற ஜப்பானிய மருத்துவரின் பெயரால் அழைக்கப்படுவது), பிறந்து 60 நாளுக்குள் செய்தால் அதிகம் பலிக்கும். தாமதமானால் கல்லீரல் மாற்றுதான் வழி. இந்தியாவில் வெற்றிகரமாக நடந்த முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று, 1998-இல், இந்த நோயோடு பிறந்த ஒரு குழந்தைக்குத்தான் நடந்தது. கல்லீரலில் ஒரு பங்கைக் கொடுத்தவர் தந்தை.

கல்லீரலே களைக்கும்போது

நம் ஊரில் "காமாலை" என்றால் பெரும்பாலோர் மனத்தில் இருப்பது வைரஸ் கல்லீரல் அழற்சி. இதில் ஏ, ஈ வைரஸ்கள் மலம் கலந்த தண்ணீராலும் உணவாலும் வருகின்றன. 1955-56-இல் தில்லியில் யமுனையிலிருந்து எடுத்த குடிநீரில் சாக்கடை கலந்து 29,000 பேருக்கு மேல் காமாலை கண்டது. அது ஈ வைரஸ் என்று பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. கிருமி உடலுக்குள் புகுந்து வாரக்கணக்கில் கழித்துத்தான் கண் மஞ்சளாகும். ஆகவே "நேத்து ராத்திரி சாப்பிட்ட பரோட்டாதான் காரணம்" என்பது சரியாக இராது. போன மாதம் குடித்த தண்ணீரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஏ, ஈ இரண்டும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமாகவே ஆறிவிடும். ஓய்வு, போதுமான சாப்பாடு, தண்ணீர், கண்காணிப்பு ஆகியவையே சிகிச்சை. விதிவிலக்கு கர்ப்பிணிகள். கடைசி மூன்று மாதங்களில் ஈ வைரஸ் தாக்கினால் உயிருக்கே ஆபத்து. அவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது.

கீழாநெல்லியைப் பற்றிய பேச்சு இந்த இடத்தில்தான் வர வேண்டும். இதைக் கேலி செய்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை, கண்ணை மூடிக்கொண்டு நம்புபவர்களோடும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் எஸ். பி. தியாகராசனும் குழுவினரும் கீழாநெல்லியை, கல்லீரலைத் தாக்கும் இன்னொரு வகையான பி வைரஸ் தொற்றிய 37 பேருக்குக் கொடுத்துப் பார்த்து, 1988-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. போலி மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. அந்தக் குழுவில், பி வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற பாருக் புளூம்பெர்கும் இருந்தார். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற இடங்களில் திரும்பச் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. நம் மூலிகை நியாயமாகப் பரிசோதிக்கப்பட்டது, நம்மவர்களே தொடங்கிவைத்தார்கள், கடைசி விடை எதிர்பார்த்தபடி வரவில்லை.

அப்படியானால் "மருந்து குடிச்சேன், சரியாச்சு" என்று இத்தனை பேர் சொல்வது? அவர்கள் பொய் சொல்லவில்லை. ஏ வைரஸ் வந்தவருக்கு எதைக் கொடுத்தாலும், எதுவுமே கொடுக்காவிட்டாலும், சில வாரத்தில் மஞ்சள் இறங்கும். அந்த நேரத்தில் கையில் எந்த மருந்து இருந்ததோ அதற்குப் பெயர் போய்ச் சேர்கிறது. தானே ஆறும் காமாலைகள் அதிகம் என்பதால், ஆறாத காமாலை வந்தவரும் அதே வாசலில் போய் நிற்கிறார். இழப்பு அங்கேதான் நேர்கிறது.

பி, சி வைரஸ்கள் இரத்தத்தாலும், உடலுறவாலும், பிரசவத்தில் தாயிடமிருந்தும் பரவலாம். இவை ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் தங்கிக் கல்லீரலைச் சுருக்கும், புற்றுநோயும் தரும். இன்று நல்ல மருந்து இருப்பது இவற்றுக்குத்தான். சி வைரஸை 12 வார மாத்திரைகள் பெரும்பாலோருக்கு முழுதாக ஒழித்துவிடுகின்றன. பி வைரஸை மாத்திரையால் அடக்கி வைக்கலாம். வராமலே தடுக்கத் தடுப்பூசியும் இருக்கிறது, பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. 2018-இல் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சித் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

மது, சில காசநோய் மாத்திரைகள், அளவு மீறிய பாராசிட்டமால், எலிக்காய்ச்சல் ஆகியவற்றாலும் கல்லீரல் களைக்கும். எலி மருந்துப் பசையைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். வயிற்றுக்குள் போனபின் ஓரிரு நாள் ஒன்றுமே இல்லாததுபோல் இருந்து, பிறகு கல்லீரல் சட்டென்று செயலிழக்கும். நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திராமல் அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சுருக்கம்: கல்லீரல் காமாலையில் ஒரு பகுதி தானே ஆறும், ஒரு பகுதிக்குக் குறிப்பான மருந்து உண்டு, ஒரு பகுதி உயிரைப் பறிக்கும். எது எது என்று இரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

குழாய் அடைத்தால்

பித்தப்பையில் உருவாகும் கல் சும்மா இருக்கும்வரை பலருக்கு ஒன்றும் செய்யாது. அது நழுவிப் பொதுக் குழாயில் சிக்கினால் மேல்வயிற்றில் வலியும் காமாலையும் வரும். கூடவே குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் வந்தால் தேங்கிய பித்தத்தில் சீழ்க்கிருமி சேர்ந்துவிட்டது என்று பொருள். அன்றைக்கே அடைப்பை எடுத்தாக வேண்டிய அவசரம் அது. வாயில் விடும் குழாய்க் கருவி மூலம் குடல் வாசலுக்குப் போய், வாசலைச் சற்று அகலப்படுத்தி, கல்லை எடுத்துவிடுகிறார்கள். இ.ஆர்.சி.பி. என்று மருத்துவமனையில் சொல்வது இதைத்தான். பிறகு பித்தப்பையையும் நீக்குவார்கள், இல்லாவிட்டால் இன்னொரு கல் வரும். வாழைத்தண்டுச் சாறு குடித்து இந்தக் கல்லைக் கரைக்கப் பார்க்கிறவர்கள் உண்டு. வாழைத்தண்டு நாம் சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லும் வைத்தியம். சிறுநீர்ப் பாதைக்கும் பித்தப்பைக்கும் தொடர்பே இல்லை.

அதே கல் இரு குழாய்களின் பொது வாசலில் சிக்கினால் பாதிப்பு கணையத்துக்கு. கணையம் உணவைச் செரிக்கும் வீரியமான நொதிகளைச் சுரக்கிறது. நொதி என்பது வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் புரதம். அவை குடலுக்குப் போய்த்தான் விழித்துக்கொள்ள வேண்டும். வழி அடைத்தால் உள்ளேயே விழித்து, கணையத்தையே செரிக்கத் தொடங்கும். இதுதான் கணைய அழற்சி. முதுகுவரை துளைக்கும் வலி, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றுத் தணியும். மதுவும் இதற்கு முக்கியக் காரணம். மருத்துவமனையில் நரம்பு வழியாகத் திரவமும் வலி மருந்தும் கொடுத்துத் தாங்கிப் பிடிக்கிறார்கள். பலர் ஒரு வாரத்தில் தேறுகிறார்கள், சிலருக்குக் கடுமையாகி மற்ற உறுப்புகளும் தளர்கின்றன.

இனி பெரியப்பா. அவருக்கு வலியே இல்லை. அறுபத்திரண்டு வயது, நாள்தோறும் தோட்டத்துக்கு நடந்துபோகிறவர். முதலில் வந்தது அரிப்பு. மாலையில் திண்ணையில் உட்கார்ந்து சீப்பின் முதுகால் முழங்கையையும் கெண்டைக்காலையும் சொரிந்துகொண்டே இருப்பார். கண் மஞ்சளானது. வேட்டி தளர்ந்தது, இடுப்பில் ஒரு மடிப்பு கூடியது. புதிதாகச் சர்க்கரை வந்திருந்தது. வலி இல்லாததால் எல்லோரும் தைரியமாக இருந்தோம். பத்து வாரம் மூலிகையும் உப்பில்லாப் பத்தியமும். மலம் சாம்பல் நிறத்தில் போகிறது என்று பெரியம்மாவிடம் அவர் சொல்லியிருக்கிறார். பெரியம்மா அதைப் பத்தியத்தின் விளைவு என்று நினைத்துக்கொண்டார்.

ஸ்கேனில் கணையத் தலையில் கட்டி. பித்தக்குழாய் கணையத் தலை வழியாகச் செல்வதால், அங்கே ஒரு கட்டி வளர்ந்தால் குழாயை மெல்ல நெரிக்கும். கல் அடைத்தால் சட்டென்று வலிக்கும், கட்டி நெரித்தால் பெரும்பாலும் சத்தமே இருக்காது. வலியில்லாத காமாலையைக் கண்டால் மருத்துவர்கள் கூடுதலாகக் கவலைப்படுவது இதனால்தான். இந்தக் கட்டிக்கு அறுவை சிகிச்சை உண்டு. கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, குழாயின் ஒரு பகுதி எல்லாவற்றையும் எடுத்து மிச்சத்தைத் திரும்ப இணைப்பது. 1935-இல் இதை விவரித்த அமெரிக்க மருத்துவர் ஆலன் விப்பிளின் பெயரில் அழைக்கப்படுகிறது. கடினமான சிகிச்சைதான், ஆனாலும் அனுபவம் மிகுந்த மையங்களில் இப்போது பெரும்பாலோர் நலமாக வீடு திரும்புகிறார்கள். கட்டி அருகிலுள்ள பெரிய இரத்தக்குழாய்களைச் சுற்றாமல், வேறு உறுப்புகளுக்குப் பரவாமல் இருக்க வேண்டும். கண்டுபிடிக்கும்போது அந்த நிலையில் இருப்பவர்கள் ஏறக்குறைய ஐவரில் ஒருவர்தான்.

பெரியப்பாவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. இ.ஆர்.சி.பி. மூலம் பித்தக்குழாய்க்குள் ஒரு ஸ்டென்ட், அதாவது வழியைத் திறந்து வைக்கும் சிறு குழல், வைத்தார்கள். மூன்றாம் நாள் அரிப்பு தணிந்தது, பல வாரங்களுக்குப் பிறகு ராத்திரி தூங்கினார். பிறகு கீமோதெரபி. பத்து வாரம் முன்னால் வந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்குமா என்று பெரியம்மா மருத்துவரிடம் கேட்டார். உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் அவரும் சொன்னார்.

மஞ்சள் வராவிட்டாலும்

கண் வெள்ளையாக இருப்பதால் கல்லீரல் நலம் என்று எண்ண வேண்டாம். கொழுப்புக் கல்லீரலும், மதுவால் மெல்லத் தழும்பேறிச் சுருங்கும் கல்லீரலும் பல ஆண்டுகள் நிறம் காட்டுவதில்லை. அங்கே மஞ்சள் வருவது கடைசிக் கட்டத்தில். இதற்கு நேர்மாறாக, கில்பர்ட் நிலை என்று ஒன்று உண்டு. பட்டினி கிடந்தாலோ காய்ச்சல் வந்தாலோ பிலிரூபின் சற்றே ஏறும், கல்லீரலில் பழுது எதுவும் இராது, மருந்தும் வேண்டாம்.

சாப்பாடும் அவசரமும்

உப்பும் எண்ணெயும் இல்லாத பத்தியத்தால் கல்லீரல் ஆறுவதில்லை. ஆறுவதற்குச் சக்தி வேண்டும், புரதம் வேண்டும். வாந்தியும் குமட்டலும் இருக்கும்வரை எண்ணெய் பிடிக்காது, அப்போது குறைத்துக்கொள்ளலாம். பசி திரும்பியதும் இட்லி, பருப்பு, முட்டை, மீன், தயிர் எல்லாம் சாப்பிடலாம். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்குத்தான் உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். மதுவை அடியோடு விட வேண்டும். உள்ளடக்கம் தெரியாத பொடிகளும் கஷாயங்களும் கூடாது. களைத்த கல்லீரல்தான் அவற்றையும் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது.

கண் மஞ்சளான முதல் சில நாட்களுக்குள் இரத்தப் பரிசோதனை, மேல்வயிற்று ஸ்கேன் இரண்டும் முடிந்திருக்க வேண்டும். காமாலையோடு பகலெல்லாம் தூங்கி வழிந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஆள் அடையாளம் தடுமாறினாலோ கல்லீரல் கைவிடத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஈறில், மூக்கில் இரத்தம் கசிந்தாலும் அப்படித்தான், இரத்தம் உறையத் தேவையான புரதங்களில் பெரும்பாலானவற்றைச் செய்வது கல்லீரலே. அந்த நிலையில் விடியட்டும் என்று காத்திருக்காமல், கல்லீரல் சிகிச்சை வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு இரவோடு இரவாகக் கூட்டிப்போங்கள். போகும்போது இதுவரை குடித்த மருந்து எதுவானாலும், நாட்டு மருந்துப் பொட்டலம் உட்பட, கையோடு எடுத்துப்போங்கள்.